சூடான பக்கம்

மரின்யா கிராந்த். இரவு இரண்டு மணி பத்து.
பைன் காட்டைத் தாண்டி வந்த மூடுபனி
லாரிக் கதவோடு நின்றுகொள்கிறது.
உள்ளே, ஏழாம் எண் இயந்திரம்
நாற்பத்திரண்டு நொடிக்கு ஒரு மூடி ஈனுகிறது.
வெள்ளை மூடி. மருத்துவமனைப் பெட்டிக்கு.
நான்கு மூலைகள்;
மூன்று சொன்னபடி கேட்கின்றன.

கிரானைட் மேசையில் வைத்து
ஒரு மூலையை விரலால் அழுத்தினால்
எதிர்மூலை எழுந்து, டக்.
அந்தச் சின்ன ஒலிக்காக
எட்டாயிரம் மூடிகள் கொயிம்ப்ராவிலிருந்து திரும்பி வந்தன,
மிக மரியாதையான ஒரு கடிதத்தோடு.

ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம்.
இங்கே மேடையைக் குறை சொல்ல வழியில்லை,
சான்றிதழ் வாங்கிய கல்.
ஆடுவது மூடி.

அச்சு வெட்டிய வெர்ஜீலியோ சொன்னான்:
கோளாறு மூலப்பொருளில்.
மூலப்பொருள் விற்ற தொமீசியா போனில் சிரித்தாள்:
விளிம்பைத் தடிமனாக வரைந்திருக்கிறீர்கள், நடுவை மெலிசாக.
தடித்தது பிந்தி ஆறும், பிந்திச் சுருங்கும்,
பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும்.
வரைந்தவன் சொன்னான்: அழுத்திப் பிடிக்கவில்லை நீங்கள்,
இன்னும் இரண்டு நொடி பிடித்திருந்தால்...
எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.
அதுதான் தொல்லை.
பொய்யென்றால் ஒரே இரவில் முடிந்திருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.
எனக்கிருக்கும் ஒரே மதம் இது.
கட்டம் போட்ட நோட்டில் எழுதினேன்:
அழுத்தம் கூட்டினேன், விளிம்பில் பிசிறு.
உருகல் வெப்பம் பத்து டிகிரி குறைத்தேன், ஒன்றுமில்லை.
ஆறும் நேரம் எட்டு நொடி கூட்டினேன்,
மூடி தட்டையாக வந்தது.
அர்லிந்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன்; காபி வாங்கிக் கொடுத்தான்.
காலையில் பார்த்தால்
அது மனதை மாற்றிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் இரவு, அச்சைத் திறந்து நிறுத்தி
இரு பாதிகளிலும் வெப்பமானி வைத்தேன்.
அசையாத பாதி முப்பத்து நான்கு.
அசையும் பாதி, அந்த மூலையில், ஐம்பத்தேழு.
மூடி வளைவது அந்தப் பக்கம்தான்.
முதலில் ஆறியது முதலில் இறுகிப்போய்விடுகிறது,
அதற்குமேல் அதனிடம் சொல்ல ஒன்றுமில்லை.
கடைசியில் பேசுபவன் பக்கம்
கூட்டம் சாய்வதைப் பார்த்ததில்லையா?

தண்ணீர்க் குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே போனேன்.
நீலக் குழாய், குளிர்ச்சி.
அடுத்தது, குளிர்ச்சி.
இயந்திரத்தின் பின்புறம், டார்ச் இல்லாமல் தெரியாத இடத்தில்,
ஒரு குழாய் அச்சுக்குள் நுழையாமலே
வளைந்து திரும்பிப் போகிறது.
மூலைக்கு நீரே இல்லை.
இணைப்பின் மேல் மஞ்சள் டேப்.
டேப்பில் பேனா எழுத்து:
தற்காலிகம். திங்களன்று சரிசெய்யவும்.

தேதி, மே மாதம்.
எழுத்து, என்னுடையது.

நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை.
இணைப்பு ஒழுகி, தரை நனைந்து
சுல்மீரா வழுக்கி விழப் பார்த்தாள்.
ஐந்து நிமிட வேலை, பாராட்டுகூடக் கிடைத்தது.
அந்தத் திங்கள் எனக்குக் காய்ச்சல்.
செவ்வாய் வேறு அச்சு ஏறியது.
பிறகு இது மீண்டும் ஏறியபோது
ஆகஸ்ட், நானும் வேறு ஆள்.

இணைப்பை மாற்ற நாற்பது நிமிடம்.
முதல் இருபது மூடிகளைக் கழித்துப் போட்டேன்.
இருபத்தொன்றாவது கல்லின் மேல்.
விரல் வைக்கிறேன். சத்தமில்லை.
நம்பமாட்டேன், நாளை இதே நேரம்வரை
அது சுருங்கிக்கொண்டேதான் இருக்கும்.

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம்
ஒரு விரல் அகலம்.
நீர்ச்சுற்று தடைபட்டிருந்தது என்று எழுதலாம்.
யாரும் தடுக்காமலே தடைபடும் தண்ணீர்!
இலக்கணப்படி பிழையில்லை.

மூடி இன்னும் கையில் சுடுகிறது.
இப்போதே எழுதிவிட வேண்டும், பெயரோடு:
கிராசியேத், இரவு ஷிஃப்ட்.
ஆறவிட்டு எழுதினால்
வாக்கியம் வளைந்துவிடும்.